வீட்டில் பேசும் ராஜாக்கள்

"டீச்சர், உங்க வீட்டுக்காரர் ராத்திரி மூணாவது ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசல்ல நின்னு என்ன சொல்லி அனுப்புவீங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் அவரைக்கொடிப் பந்தலடியில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நான் கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து, டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்த புதிது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஈரோட்டுப் பக்கம் பக்கத்து வீட்டு ஆண்கள் இப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள். "ஒண்ணும் சொல்ல மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு, காயப்போடாத துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வேலை முடிந்து வந்த கணவரிடம் புகார் சொன்னேன். அவர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தார். "அவரா? கேட்டாச் சொல்லிடு. புத்தகத்துக்காகக் கேக்கறாரு" என்று சிரித்தார்.

மறுநாள் வேலியோரம் போய், "காதை மூடிக்கிட்டுப் போங்க, பனி பொல்லாததுன்னு சொல்லுவேனுங்க" என்றேன். அவர் வாய்க்குள்ளேயே அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

சில மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. பெரும் படையோடு வடக்கே பனி தேசத்தின்மேல் போர் தொடுத்து, பாதிப் படையைப் பனிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிய ஓர் ஐரோப்பியப் பேரரசரின் வரலாறு. அவர் புறப்படும் பக்கத்தில் அரசி சொல்கிறாள்: "நாதா! செவிகளை மூடிக்கொண்டு செல்லுங்கள். பனி பொல்லாதது!" பேரரசர் அதைக் கேட்காமல் போய்விட்டாராம். என் கணவரும் பல நாள் மப்ளரை மறந்துவிட்டுத்தான் போவார். ஆக, கொஞ்ச நாள் நான் ஒரு பேரரசியாக இருந்தேன். ரேஷனில் சர்க்கரை கிடைக்காத மாதம் அது.

புத்தகம் எழுதிய பக்கத்து வீட்டுக்காரர் சுரங்கத்தின் டைம் ஆபீசில் எழுத்தர். யார் எந்த ஷிப்டுக்கு வந்தார்கள், எப்போது போனார்கள் என்று பதிவது பகல் வேலை. சாயங்காலம் வந்து, காபி குடித்து, பெஞ்சில் கால் மடித்து உட்கார்ந்தால், மாமன்னர்களும் மாலுமிகளும் விஞ்ஞானிகளும் வரிசையில் நிற்பார்கள். பேருந்து நிலையக் கடைகளில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்களே, ஊர் போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்துவிடலாமே, அந்த மாதிரி வாழ்க்கை வரலாறுகள். சென்னையிலிருந்து பதிப்பாளர் ஒரு கார்டு போடுவார்: "அடுத்து ஒரு விஞ்ஞானி." அவ்வளவுதான் இருக்கும். அந்தக் கார்டுக்காக அவர் தபால்காரரை எதிர்பார்த்துத் தெருமுனைவரைக்கும் போவார். கார்டு வரத் தாமதமானால் வீட்டில் எல்லாப் பொருளும் இடம் மாறியிருக்கும். கையைச் சும்மா வைத்திருக்க அவருக்குத் தெரியாது.

போர், உடன்படிக்கை, ஆண்டு, ஊர்ப்பெயர், இவற்றில் ஒரு புள்ளி தவறாது. நூலகத்திலிருந்து தடித்தடியான புத்தகங்களைக் கொண்டுவந்து சரிபார்ப்பார். பேச்சுதான் அவர் சொந்தச் சரக்கு. சொந்தச் சரக்கு என்றுகூடச் சொல்ல முடியாது, எங்கள் சரக்கு. எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியார் ஒருமுறை வீடு தேடி வந்தே கேட்டுவிட்டார். "ஆதாரமில்லாம இப்படி எழுதலாங்களா? அந்த ராணியம்மா அப்படிச் சொன்னாங்கன்னு எதுல இருக்கு?"

"எதுலயும் இல்ல சார். சரித்திரத்துல எல்லாவனும் மேடையிலயே பேசுதான். வீட்டுல ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டேங்கான். வீட்டுல பேசாத மனுசன் எங்க சார் இருக்கான்?"

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். பல வருடம் டவுன்ஷிப்பில் இருந்தும் பேச்சில் பாதி ஊர் அப்படியே இருந்தது. சரித்திர வாத்தியார் காபியைக் குடித்துவிட்டு, சமாதானமாகாமலே போனார்.

ராணி என்ன சொல்லியிருப்பாள் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் நாடகத்துக்கு வசனம் சொல்வதுபோல் சொல்வார்கள் என்பார். உங்கள் பையன் முதல் சம்பளம் கொண்டுவந்தபோது என்ன சொன்னீர்கள், பெர்மனென்ட் ஆகவில்லை என்று தெரிந்த அன்று வீட்டில் என்ன பேச்சு, இப்படித்தான் கேட்பார். கம்பெனி பஸ்ஸில், பஜாரில், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம். டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். அவருக்கு எடுக்க எடுக்கக் கிடைத்தது.

ஒருமுறை பண்ருட்டிக்கு எங்களோடு பலாப்பழம் வாங்க வந்தார். பழத்தை அறுத்துக் காட்டச் சொல்லி நாங்கள் வியாபாரியிடம் மல்லுக்கு நின்றோம். "அறுத்துப் பாத்துட்டு வேணான்னு சொல்லிக்கினு போனீங்கன்னா நா இன்னாங்க பண்றது? எடுத்தா முழுசா எடுத்துக்கினு போங்க, இல்லாங்காட்டி முழுசா வுட்டுட்டுப் போங்க" என்றார் வியாபாரி. இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அடுத்த புத்தகத்தில் சமாதானம் பேச வந்த தூதனிடம் ஒரு சுல்தான் சொன்னார்: "தூதரே! அறுத்தபின் திருப்பிப் பெறும் வழக்கம் எமக்கில்லை. எம் நாட்டைக் கொள்வதாயின் முழுமையாகக் கொள்க. அன்றேல் முழுமையாக விடுக!" அதைப் படித்தபோது எனக்கு வாயெல்லாம் பலாச்சுளை வாசனை வந்தது.

புத்தகம் வந்தால் எங்கள் தெருவில் முதல் பக்கத்திலிருந்து படிப்பவர் யாரும் இல்லை. தங்கள் வார்த்தை எங்கே இருக்கிறது என்றுதான் புரட்டுவார்கள். "என் மாமியார் சொன்னத இந்த மந்திரிகிட்டக் குடுத்துட்டாரு பாரு" என்று காட்டுவார்கள்.

சங்கடங்களும் உண்டு. எதிர்வரிசையில் மதுரைக்கார ஃபோர்மேன் ஒருவர். சொத்துப் பிரிவினையில் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. "அவன் கூப்பிட மாட்டானான்னு இருக்கு. கூப்பிட்டா ஓடிருவேனோன்னு பயமாவும் இருக்கு" என்று எப்போதோ மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்ட ஒரு மந்திரியின் வாயில் அது வந்துவிட்டது. ஃபோர்மேன் புத்தகத்தோடு வந்து நின்றார். "என் வாயில வந்தத, காட்டிக்குடுத்த பய வாயில வச்சுட்டீகளே?" அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். இவர் வாதாடவில்லை. அடுத்த பதிப்பில் அதே வாக்கியம், நாடு கடத்தப்பட்டு ராஜாவின் அழைப்புக்காகக் காத்திருக்கும் விசுவாசமான தளபதிக்குப் போய்விட்டது. ஃபோர்மேன் ஒரு முருங்கைக்கட்டோடு வந்து ராசியானார்.

வார்த்தை விஷயத்தில் அவருக்குப் பிடிவாதமே கிடையாது. பதிப்பாளர் வெட்டினால் வெட்டட்டும், சேர்த்தால் சேர்க்கட்டும். ஒரு புத்தகத்தில் பாதிப் பக்கத்துக்கு வீரவசனம் சேர்த்து அச்சடித்திருந்தார்கள். "என்ன சார் இது?" என்றேன். "கடை அவருது டீச்சர். பெயின்ட் அடிச்சுக்கிடட்டும்" என்றார்.

அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சிக்கனமாகப் பேசுவார். புத்தகக் கட்டு வந்ததும் முதல் பிரதியை அவர்தான் எடுப்பார். அடுக்களைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்து, மெதுவாக, ஒரு பக்கம் விடாமல் படிப்பார். அந்தத் தெருவில் கணவருடைய புத்தகங்களை முழுதாகப் படித்தவர் அநேகமாக அக்கா ஒருவர்தான்.

ஒருநாள் படித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கேட்டார். "இதுல எது யாரு சொன்னதுன்னு தெரியுமா டீச்சர்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இது கடைசி வீட்டம்மா, இது கீரைக்காரம்மா, இது உங்கள் கொழுந்தனார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"எல்லாரும் இருக்காவ" என்றார். புத்தகத்தை மூடிவிட்டு, "நாந்தான் இல்ல. இத்தன புஸ்தகத்துல ஒத்த வரி இல்ல" என்றார்.

"நீங்களாச் சொல்லுங்களேன் அக்கா."

"கேட்டால்லா சொல்லணும். கேக்காம சொன்னா அது சண்டை."

அதற்கப்புறம் புதுப் புத்தகம் வந்தால் நானும் தேட ஆரம்பித்தேன். என் வரியை அல்ல, அக்காவுடையதை. இருக்காது.

கடைசி வீட்டம்மாவின் மூத்த பையன் மஞ்சள்காமாலையில் போனான். உயர்நிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவன். தெருவே போயிருந்தோம். அந்த அம்மா அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "புதுச் செருப்பு எடுத்து வெச்சிருந்தேன். கடிக்குதுன்னு போடாமலே இருந்தான்." இவர் சுவரோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். இது மட்டும் புத்தகத்தில் வர வேண்டாம் என்று நினைத்தேன்.

வந்துவிட்டது. சின்ன வயதில் தூக்குக்கயிற்றை ஏற்ற ஒரு புரட்சிக்காரனின் வரலாறு. அவனுடைய தாய் சொல்கிறாள்: "மகனே! உனக்கெனப் புதுப் பாதணி வாங்கி வைத்திருந்தேனே. கடிக்கும் என்று அணியாமலே சென்றாயே!" எனக்குக் கோபம் வந்தது. இழவு வீட்டிலிருந்து எடுத்துவந்து அச்சடித்து விற்பதா? ஒரு வாரம் வேலிப்பக்கமே போகவில்லை. அந்த அம்மா கண்ணில் புத்தகம் படாமல் பார்த்துக்கொள்வதென்று தெருவில் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டோம்.

எப்படியோ பட்டுவிட்டது. ஒரு சாயங்காலம் அக்காவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்த அம்மா புத்தகத்தோடு உள்ளே வந்தார். இவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த அம்மா திட்டவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இந்தப் பையனோட அம்மா அதுக்கப்புறம் என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்.

இவர் தயங்கினார். "அதுக்கப்புறம் அவங்களப் பத்தி யாரும் எழுதி வைக்கலம்மா."

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும் எழுதல."

இல்லாத பேச்சை எத்தனையோ பேருக்கு உண்டாக்கிக் கொடுத்தவர், அங்கே ஒன்றும் உண்டாக்காமல் நின்றார். அந்த அம்மா போகாமல் அப்படியே இருந்தார். அப்போது அக்கா கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மறுநாளும் அடுப்பு பத்த வச்சிருப்பா. மத்த பிள்ளையளுக்குப் பசிக்கும்லா" என்றார்.

அந்த அம்மாவுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள். "ஆமா, பசிக்கும்" என்றார். புத்தகத்தை மூடி, அதைக் கையோடு எடுத்துக்கொண்டே போனார்.

அவருடைய அத்தனை புத்தகத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த பதிப்பில் இது கட்டாயம் வரும் என்று நம்பினேன். நான் சொல்லாவிட்டாலும் அக்காவும் நம்பியிருக்க வேண்டும். பதிப்பு வந்த அன்று நேராக அந்தப் பக்கத்துக்குப் போய் விரலை வைத்துப் பார்த்தார். பழையபடியேதான் இருந்தது. மூடி வைத்துவிட்டு அரிசி களையப் போனார்.

இந்த முறை நான் விடவில்லை. அவரிடம் நேராகவே கேட்டேன். "ஊர்ல எல்லார்கிட்டயும் கேக்கறீங்க. அக்காகிட்ட மட்டும் ஏன் கேக்கறதில்லீங்க?"

அவர் உண்மையிலேயே குழம்பிப்போய்ப் பார்த்தார். "அவகிட்ட என்னத்தத் தனியாக் கேக்க? அவ பேச்சுதான் எப்பவும் காதுல விழுந்துக்கிட்டே இருக்கே."

"விழுந்துக்கிட்டே இருந்தா ஏன் எழுதலைங்க?"

"தெரியல டீச்சர்" என்றார். அன்று ராஜாக்கள் யாரும் வரவில்லை. பந்தலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தார்.

ஓய்வு பெறும் நாள் வந்தது. ஆபீசில் சந்தன மாலையும் ஒரு சூட்கேசும் கொடுத்து, ஜீப்பில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். எங்கள் ஊரில் அதற்கடுத்து ஒரு சடங்கு உண்டு. கம்பெனி கொடுத்த குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும். சொந்த வீடுபோலப் புழங்கி, மாவும் முருங்கையும் வைத்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த இடம். ஆனாலும் ஒருநாள் டவுன்ஷிப் ஆபீஸ் ஆள் வந்து குழாய், பல்பு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சாவியை வாங்கிக்கொள்வார். டவுன்ஷிப்பில் யாருக்கும் இதிலிருந்து விலக்கு கிடையாது. ஜெனரல் மேனேஜரும் ஒருநாள் சாவி கொடுத்தே தீர வேண்டும்.

சாமான் லாரி முன்னாலேயே போய்விட்டது. விருத்தாசலத்தில் ரயில் பிடிக்க ஒரு டாக்சி வந்து வாசலில் நின்றது. ஆபீஸ் ஆள் பார்த்து முடித்துவிட்டுக் காத்திருந்தார். இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காலி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். பெஞ்சு கிடந்த இடத்தில் நின்றார். மூடியிருந்த குழாயை மறுபடி மூடினார். கொல்லைக்குப் போய் அவரைப் பந்தலின் கம்பை ஆட்டிப் பார்த்தார். ஆபீஸ் ஆள் கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா வாசற்படியில் நின்று உள்ளே பார்த்துச் சொன்னார்: "சாவியக் குடுத்துட்டு வாங்க. நா வண்டில இருக்கேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய் உட்கார்ந்துகொண்டார். அழுதது நான்தான். இத்தனை வருடம் இருந்த வீட்டை விட்டு இப்படியா போவார்கள் என்று அக்காமேல் எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. இவர் வந்து சாவியைக் கொடுத்தார். டாக்சி போய்விட்டது.

ஒரு வருடத்துக்குப் பிறகு தபாலில் அவருடைய புத்தகம் ஒன்று வந்தது. கோட்டையை இழந்த ஒரு சிற்றரசின் ராணியைப் பற்றியது. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்தேன். பழக்கதோஷம், புரட்டித் தேடவில்லை என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அவர் இப்போது இருப்பது வேறு ஊர், எங்கள் வார்த்தை எதுவும் இருக்கக் காரணமில்லை.

கடைசி அத்தியாயம். சண்டை முடிந்துவிட்டது. வெள்ளைக்காரத் தளபதி கோட்டையை ஏற்றுக்கொள்ள முற்றத்தில் நிற்கிறான். ராஜா வெளியே வராமல் ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டு உள்ளேயே சுற்றுகிறார். மந்திரிகள் தலைகுனிந்து நிற்கிறார்கள். ராணி வாசலுக்கு வந்து சொல்கிறாள்:

"சாவியக் குடுத்துட்டு வாங்க. நா வண்டில இருக்கேன்."

நாதா இல்லை. ஆச்சரியக்குறி இல்லை. பண்ருட்டி வியாபாரியையும் செந்தமிழ் பேச வைத்தவர், இதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. அழாமல் போனார்களே என்று அன்று நான் வருத்தப்பட்டது நினைவு வந்தது. பெல் அடித்தது. அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படித்தேன்.

அதன்பின் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் போனபோது அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். பெஞ்சின்மேல் நூலகப் புத்தகமும் இல்லை, எழுதுகிற தாளும் இல்லை. நான் நேரே அடுக்களைக்குப் போனேன்.

"பாத்தீங்களா அக்கா?"

அக்கா எதை என்று கேட்கவில்லை. "பாத்தேன்" என்றார். காபி ஆற்றிக்கொண்டே, "ராணி எங்கேயாவது வண்டில போவாளா டீச்சர்? பல்லக்குல்லா?" என்றார்.

"பல்லக்குதானுங்க."

"பதிப்பாளரும் அதத்தான் எழுதிக் கேட்டாராம். பல்லக்குன்னு மாத்தித் தாங்க, ராணி பேசுத மாரி எழுதித் தாங்கன்னு. இவுக மாட்டேன்னுட்டாவ. ரெண்டு மூணு கடுதாசி வந்துச்சு. ஒண்ணுக்கும் மசியல. அச்சுக் கோத்தாச்சுங்கதால அப்படியே போட்டுட்டாராம்."

"அப்புறங்க?"

"அப்புறம் கார்டே வரல. இன்னிவரைக்கும் வரல."

முன்னறையில் பேப்பர் திருப்பும் சத்தம் கேட்டது. அக்கா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒத்த வரிக்கு வீம்பு பிடிச்சு, எழுதுத பொழப்பே போச்சு. என்ன மனுசன் பாருங்க" என்றார். கோபமாகத்தான் சொல்ல நினைத்திருப்பார். அது அவருக்குச் சரியாக வரவில்லை.